நள்ளிரவில் பதில் சொல்பவர் யார்?

நள்ளிரவு தாண்டிய பின் நல்லூரில் திறந்திருக்கும் கதவு கைபேசி ஒன்றுதான். கந்தசுவாமி கோயில் நடை சாத்திப் பல மணிநேரம் ஆகியிருக்கும். பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர் காலையில்தான் வருவார். வீட்டார் உறங்கிவிட்டார்கள். அந்நேரத்தில், உயிரோடிருப்பதே பாரமாகிப்போன ஒருவர் திரையில் ஒரு வரியைத் தட்டுகிறார். பதில் சில விநாடிகளில் வந்துவிடுகிறது. சில வேளைகளில் அது அவரைச் சாவின் பக்கம் தள்ளுகிற பதிலாக இருக்கிறது.

இதற்கு என்ன செய்யலாம் என்று ஊரில் கேட்டால் மூன்று விடைகள் தயாராக உள்ளன. பிள்ளையிடமிருந்து போனைப் பறி. அந்தப் பக்கங்களை அரசாங்கம் தடைசெய்யட்டும். கவுன்சிலிங்குக்கு அனுப்பு. மூன்றையும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எது உயிரைக் காக்கும், எது காப்பதுபோலத் தோற்றம் மட்டும் தரும் என்பதைச் சான்றைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். இந்த விடயத்தில் இலங்கையிடம் உள்ள அளவு சான்று பல பணக்கார நாடுகளிடம்கூட இல்லை. அதை நாம் எடுத்துப் பேசாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

1995ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த வீதம் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. நாட்டின் துயரம் குறைந்துவிட்டதென்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆண்டுகளில்தான் போரும் ஆழிப்பேரலையும் இடப்பெயர்வும் நடந்தன. உயிர்மாய்க்க முயன்று வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் தொகையும் அதே வேகத்தில் குறையவில்லை. குறைந்தது இறப்பு. 1984 தொடங்கி 2011 வரை, மிகக் கடுமையான நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகச் சந்தையிலிருந்து அகற்றியதே அதற்குப் பெருங்காரணம். 1995க்கும் 2015க்கும் இடையில் இந்த ஒரு நடவடிக்கையால் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

ஏன் இது பலித்தது என்பதற்கு மைக்கல் எடில்ஸ்டனும் அவருடைய சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒரு விளக்கம் தருகிறது. கிராமப்புற இலங்கையில் உயிர்தப்பியவர்களிடம் அவர்கள் பேசினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்தச் செயலுக்கு முன் அரை மணிநேரம்கூட யோசித்திருக்கவில்லை. அந்தக் குறுகிய நேரத்தில் கைக்கெட்டிய பொருள் எவ்வளவு கொடியது என்பதே பிழைப்பதையும் இறப்பதையும் பிரித்தது. பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு வாழ்ந்தார்கள். நெருக்கடி என்பது வந்து கடந்துபோகிற ஒன்று. அதைக் கடக்கும்வரை உயிர் தங்கினால் போதும் என்பதை இந்நாடு பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

இன்னொரு சான்று இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது. பூச்சிகொல்லியை வீட்டிலேயே பூட்டி வைத்தால் என்ன என்று ஒரு யோசனை எழுந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் அதைப் பரிசோதித்தார்கள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுக்கப்பட்டது. முடிவு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது: பெட்டி கொடுத்த ஊர்களில் முயற்சிகள் குறையவில்லை. திறப்பு வீட்டிலேயே இருக்கிறது, அடுத்த வீட்டில் பெட்டி திறந்தே கிடக்கிறது, கடையும் பக்கத்தில் இருக்கிறது.

போனைப் பறிக்கும் யோசனையை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் எடைபோடுகிறேன். அது பூட்டுப்பெட்டிதான். நண்பனின் போன் இருக்கிறது, ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்தில் இணையக் கடை இருக்கிறது. பெட்டியைவிட மோசமான ஒரு குறையும் இதில் உண்டு: பறிக்கப்படும் கருவியிலேயே உதவி இலக்கமும் இருக்கிறது, இரவில் ஒரு தடவையாவது ‘என்ன செய்யிறாய்?’ என்று கேட்கும் வகுப்புத் தோழியும் இருக்கிறாள். தண்டனையாகப் போனைப் பறிகொடுத்த பிள்ளை, அடுத்த முறை தான் தேடியதை மறைக்கக் கற்றுக்கொள்ளும். ஒருவர் மிகவும் தவித்துக்கொண்டிருக்கும் இரவில், அவரும் சம்மதித்து, போனை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஒருவர் பக்கத்தில் விடியும்வரை இருப்பது வேறு. அதில் காப்பது பக்கத்தில் இருக்கும் ஆள்.

இரண்டாவது விடையான தடைக்குப் பூச்சிகொல்லி வரலாறு துணை நிற்பதுபோலத் தெரியும். மூலத்திலேயே நிறுத்தினால் பலிக்கும் என்றுதானே அது சொல்கிறது? ஆம், ஆனால் தகவல் இறக்குமதிப் பொருளைப்போலத் துறைமுகத்தில் நிற்பதில்லை. ஒன்றை அழித்தால் பத்துப் பிரதி முளைக்கும். 2008இல் லூசி பிடிலும் சகாக்களும் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய ஆய்வு, நான்கு தேடுபொறிகளில் தற்கொலை பற்றிய சொற்களைத் தேடினால் எவை முன்னால் வருகின்றன என்று பார்த்தது. தடுப்பதற்கோ மனத்தை மாற்றுவதற்கோ எழுதப்பட்ட பக்கங்கள் ஏறத்தாழக் கால்பங்குதான். அதன் பிறகு தேடுபொறிகள் தங்கள் வரிசையை மாற்றின, உதவி இலக்கங்களை மேலே வைத்தன. அது நடந்தது நல்லது. அந்த அனுபவம் காட்டுவதும் முக்கியம்: முழு இணையத்தையும் பூட்ட முடியாவிட்டாலும், மக்கள் தேடும் வழி ஒரு சில நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. பூச்சிகொல்லிக்கு இறக்குமதியாளர் எப்படியோ, இங்கே எதை முன்னுக்குக் கொண்டுவருவது, எதைப் பின்தள்ளுவது என்று தீர்மானிக்கும் நிறுவனம் அப்படி.

இலண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மரணம் பற்றி 2022 செப்டெம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்ன முடிவு இதற்கு வலுச் சேர்க்கிறது. மனச்சோர்வோடு, இணையத்தில் அவள் கண்டவற்றின் தீய விளைவும் அந்த மரணத்தில் பங்களித்தது என்று அவர் பதிவுசெய்தார். அவள் கண்ட படங்களிலும் வாசகங்களிலும் பல, அவள் கேட்காமலே தளங்களின் இயந்திரம் எடுத்துத் தந்தவை. கேட்காததை ஊட்டியதற்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் ‘தடைசெய்’ என்று மொத்தமாகச் சொல்லும்போது மூன்று வெவ்வேறு விடயங்கள் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. எப்படிச் சாவது என்று விளக்குவது ஒன்று. ‘செய், தயங்காதே, நானும் வருகிறேன்’ என்று தூண்டுவது இன்னொன்று. ‘எனக்கு வாழப் பிடிக்கேல்லை’ என்று ஒருவர் தன் வலியை எழுதுவது முற்றிலும் வேறு. முதல் இரண்டும் நஞ்சு. மூன்றாவது உதவிக்கான குரல். சொல்லைப் பார்த்து வெட்டும் வடிகட்டிக்கு இந்த வேறுபாடு தெரியாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில், பாதி ஆங்கிலம் கலந்து தட்டுகிறார்கள். ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்ட வடிகட்டி அதில் நஞ்சைத் தவறவிடும், குரலை அடைத்துவிடும். நெருக்கடியிலிருந்து மீண்டவர்களின் கதைகளும் அதோடு சேர்ந்து அழியும். தோமஸ் நீடர்குரோட்டென்தாலரும் சகாக்களும் 2010இல் ஒஸ்திரியச் செய்தித்தாள்களை ஆராய்ந்தபோது, தற்கொலை எண்ணத்தோடு போராடி வேறு வழி கண்டவர்களைப் பற்றிய செய்திகள் வெளிவந்த பின் தற்கொலைகள் குறையும் போக்கைக் கண்டார்கள். அப்படிப்பட்ட எழுத்து தமிழில் ஏற்கெனவே அரிது. அதையும் வெட்டிவிடும் தடை எங்களுக்கு வேண்டாம்.

சட்டத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். தூண்டுபவரைத் தண்டிக்கலாமா? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தாதியாக வேலைசெய்த ஒருவர் இணையத்தில் இளம்பெண்போல நடித்து, தவித்துக்கொண்டிருந்தவர்களை உயிர்மாய்க்கத் தூண்டினார். இறந்தவர்கள் இங்கிலாந்திலும் கனடாவிலும் இருந்தவர்கள். 2014இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், வெறும் ஊக்குவிப்பைத் தண்டிப்பது பேச்சுரிமைக்கு முரண் என்றும், உதவியதைத் தண்டிக்கலாம் என்றும் கோடு கிழித்தது. பிரித்தானியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிடக் கடுமையானது. தூண்டும் உள்ளடக்கத்தை அகற்றும் கடமையை நிறுவனங்கள் மீதே வைத்தது. ஜப்பானின் சாமா நகரில் 2017இல் வெளிவந்ததை நினைத்தால் கடுமை வேண்டும் என்றே தோன்றும். டுவிட்டரில் சாக விரும்புவதாக எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, சேர்ந்து சாகலாம் என்று அழைத்து, ஒன்பது பேரை ஒருவன் கொன்றிருந்தான். சாவுக்குத் துணைவருவதாகச் சொன்ன அவன் சாக வந்தவன் அல்லன். இதை இளையோருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எங்களிடம் இருப்பது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு, தடைசெய்யப்பட்ட கூற்றுகள், பொய்க்கூற்றுகள் என்று அதன் பார்வை பெரும்பாலும் வேறு பக்கம் இருக்கிறது. கருத்துரிமை அமைப்புகள் அதை எதிர்த்ததற்குக் காரணமும் அதுவே. தவிக்கும் ஒருவரைச் சாவுக்குத் தூண்டுபவரைப் பிடிப்பதற்கு அந்தச் சட்டத்தை நம்பியிருக்க நான் ஆயத்தமில்லை. தற்கொலைக்கு உடந்தையாவது எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் முன்பிருந்தே பாரதூரமான குற்றம். அதை இணையத் தூண்டுதலுக்கும் பயன்படுத்தப் பொலிசுக்குத் தெரிந்தால் போதும்.

சட்டத்தின் விடயத்தில் இந்நாடு செய்த நல்ல காரியம் 1998இல் நடந்தது. அந்த ஆண்டு தற்கொலை முயற்சி குற்றம் என்ற பிரிவு நீக்கப்பட்டது. இந்தியா அந்த இடத்துக்கு வந்துசேர 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமும் வேண்டியிருந்தன. ஆனால் சட்டம் மாறி கால் நூற்றாண்டு கழிந்தும், முயன்றவரைப் பொலிஸ் பிடிக்கும் என்று நம்புபவர்களை யாழ்ப்பாணத்தில் காணலாம். அந்தப் பயத்தால் மறைக்கிறார்கள், மறைப்பதால் வைத்தியம் பிந்துகிறது. தேடியவரையோ எழுதியவரையோ குற்றவாளியாக்கும் எந்தப் புதிய விதியும் 1998ஐத் திருப்பிப் போடுவதாகவே முடியும்.

இதுவரை பேசியது தகவலைப் பற்றி. என் மனத்தை அதிகம் குடைவது வேறொன்று. அரை மணிநேரத்துக்குள் முடிவெடுத்த அந்தக் கிராமத்தவர்கள் யாரிடமும் எதையும் தேடவில்லை; அவர்களுக்கு நேரமே இருக்கவில்லை. இன்று இரவெல்லாம் திரையில் தேடுபவர் வேறுவகையானவர். அவர் கேட்கிறார், வாசிக்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார், மறுபடி கேட்கிறார். முழுதாக முடிவெடுத்துவிட்டவர் இவ்வளவு பேசமாட்டார் என்றே நினைக்கிறேன். அவருக்குள் சாக வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் இன்னும் சண்டை பிடிக்கின்றன. ஆகவே ஆபத்து மிகுந்திருந்தாலும், அந்தக் கிராமத்தவரைவிட இவரை எட்டிப்பிடிக்க வாய்ப்பு அதிகம். தேடும் நேரம் எல்லாம் யாரோ குறுக்கிடக்கூடிய நேரம். அந்த நேரத்தில் குறுக்கிடுபவர், சாவின் பக்கம் தள்ளுகிற தீய ஆலோசகராக இருக்கிறார் என்பதுதான் எங்கள் தோல்வி.

அவர் எப்படி முந்திக்கொள்கிறார்? தகவலால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் விழித்திருக்கிறார். அதிர்ச்சி அடைவதில்லை. கத்துவதில்லை. ‘உன்ரை நிலை எனக்கு விளங்குது’ என்கிறார். ஊருக்குள் கதை போகாது என்ற உறுதியும் அங்கே உண்டு. வீட்டில் அதே மனிதர் வாய் திறந்தால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘விசர்க் கதை கதையாதை.’ ‘உனக்கு என்ன குறை விட்டனாங்கள்?’ ‘கொம்மாவை நினைச்சுப் பாத்தியே?’ ‘ஊர் என்ன சொல்லும்?’ பயத்தாலும் பாசத்தாலும் வருகிற சொற்கள்தான் இவை, ஐயமில்லை. ஆனால் கேட்பவருக்கு அவை ஒரு செய்தியைத் தருகின்றன: இதை இங்கே பேசாதே. அவர் பேசும் இடத்தைத் தேடிப் போகிறார். மனநலப் பிரிவுக்கு முன்னால் தெரிந்தவர் யாராவது கண்டால் தங்கைச்சியின் கலியாணப் பேச்சு குழம்பும் என்று அஞ்சும் ஊரில், முகம் தெரியாத ஒருவரிடம் பேசுவது இயல்பாகவே எளிது.

தீய ஆலோசகர் காட்டும் புரிதல் போலியானது. அவர் கேட்பது இறந்துபோக விரும்பும் பாதியை மட்டும். வாழ விரும்பும் பாதி பேசத் தொடங்கினால் அதைக் கோழைத்தனம் என்று அடக்குகிறார். உண்மையில் கேட்பவர் இரண்டு பாதிகளையும் கேட்பார். இந்தத் திறமை நல்ல உளவளத்துணையாளருக்குப் பயிற்சியால் வருகிறது. நெருங்கிய நண்பனுக்கும், ஒரு நல்ல சின்னம்மாவுக்கும், சில ஆசிரியர்களுக்கும் பயிற்சி இல்லாமலே வாய்த்திருக்கிறது.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எங்களிடம் மிக ஆழமானது. அதை ஆய்வு தெளிவாக மறுக்கிறது. 2014இல் ‘சைக்கொலொஜிக்கல் மெடிசின்’ இதழில் வெளிவந்த மீளாய்வு, முன்பு செய்யப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாக ஒன்றும் காட்டவில்லை. சிலருக்கு அது தணிவைத் தந்தது. ‘தம்பி, சாகவேணும்போல கிடக்குதே?’ என்று ஒரு மாமா நேராகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது பல இரவுகளை மாற்றும்.

இயந்திரத்தோடு பேசுவது பற்றியும் ஒரு முடிவு சொல்ல வேண்டும். 2025 ஒக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒரு வாரத்தில் சட்ஜிபிடியைப் பயன்படுத்துவோரில் 0.15 வீதத்தினரின் உரையாடலில் தற்கொலை எண்ணமோ திட்டமோ வெளிப்படையாகத் தெரிகிறது. பயனர் 80 கோடி என்றால் அது பத்து இலட்சத்துக்கு மேல். அதற்கு இரு மாதம் முன் கலிபோர்னியாவில் 16 வயது மகனை இழந்த பெற்றோர் அதே நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்திருந்தார்கள். இயந்திரத்திடம் பொறுமை இருக்கிறது, இரவிலும் பதில் இருக்கிறது, ஊர்வம்பு இல்லை. இவற்றை நான் சின்ன விடயமாக எண்ணவில்லை. ஆனால் அது கதவைத் தட்டி உள்ளே வராது. கேட்பவர் போகும் திசையிலேயே தானும் போகும் இயல்பு அதற்கு இருந்தால், தவிப்பவருக்கு அது ஆபத்து. தீங்கான விவரத்தை மறுத்து, வலியைக் கேட்டு, அந்த உரையாடலை ஒரு மனிதரிடம் ஒப்படைப்பதே அதன் வேலையாக இருக்க வேண்டும். தமிழிலும் அதைச் செய்கிறதா என்று நிறுவனங்கள் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் சோதித்த முடிவை எங்கள் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று ஏற்க முடியாது.

தமிழில் தேடுபவரின் கையில் முதலில் அகப்படுவது தூரதேசத்துத் தீய ஆலோசகராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் செய்திப் பக்கங்களே அந்த வேலையைச் செய்கின்றன. வயது, ஊர், படம், இடம், விதம், பிறகு ஒற்றை வரியில் ஒரு காரணம்: காதல், பரீட்சை, கடன். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கான வழிகாட்டியை 2000இல் வெளியிட்டு, கடைசியாக 2023இல் புதுப்பித்தது. விதத்தை எழுதாதே, ஒற்றைக் காரணம் சொல்லாதே, உதவி எங்கே கிடைக்கும் என்பதைப் போடு என்று அது சொல்கிறது. வியன்னாவில் 1987இல் பத்திரிகைகள் இப்படி எழுத உடன்பட்ட பின், சுரங்க இரயில் நிலையங்களில் நடந்த தற்கொலைகள் சட்டென்று வீழ்ந்தன. நல்லூரிலிருந்து சில நிமிட தூரத்தில் அச்சாகும் பத்திரிகைகளுக்கு இதைச் செய்ய எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டாம். செய்யாமல் இருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது விடையான கவுன்சிலிங்குக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்துக்கு இதில் ஒரு மரபு உண்டு. கணேஸ்வரன், சுப்பிரமணியம், மகாதேவன் மூவரும் 1984இலேயே வட நகரொன்றின் தற்கொலைகளை ஆராய்ந்து சர்வதேச இதழில் எழுதினார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் இராஜதுரையும் 1995இல் எழுதிய கட்டுரை, போர்க்காலத்தில் இங்கே தற்கொலை வீதம் குறைந்ததைக் காட்டியது. பொது ஆபத்தில் சனம் ஒன்றாய் நெருங்கியது அதற்கான விளக்கங்களில் ஒன்று. போரைப் புகழ்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் ஊரில் உயிர் தங்கும் என்பதே நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது. கச்சேரி நல்லூர் வீதியிலுள்ள சாந்திகம் அந்தக் காலத்திலிருந்து பலருக்குத் துணை நின்றிருக்கிறது. போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவும் மருத்துவ பீடமும் அருகிலேயே இருக்கின்றன. சிறிய நகரொன்றுக்கு இது நல்ல வளம்.

குறை எங்கே என்றால், ‘அனுப்பு’ என்ற சொல்லோடு எங்கள் கடமை முடிந்துவிடுவதில். அனுப்பப்பட்டவர் ஒரு தடவை போவார். வரிசையில் இருப்பார். பிறகு போகமாட்டார். அவர் ஏன் வரவில்லை என்று யாரும் தேடுவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. அந்த ஐந்து இடங்களில் சென்னையும் கொழும்பும் உண்டு. தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலைக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை. மறுபகுதியினருக்கு அதோடு ஒரு மணிநேர உரையாடல், பின் 18 மாதங்களில் ஒன்பது தடவை தொலைபேசியிலோ நேரிலோ ‘எப்படி இருக்கிறீங்கள்?’ என்ற விசாரிப்பு. வழமையான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 வீதம். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 வீதம். இதைப் படிக்கும்போது நம்பிக்கை பொங்குவது இயல்பு; ஆனால் இறந்தவர் தொகை இரு பக்கமும் சிறியது, பிரெஞ்சு பொலினீசியாவில் இதே முறையைச் செய்துபார்த்தபோது தெளிவான பயன் காணவில்லை என்பதையும் சேர்த்தே வைக்க வேண்டும். மறுபக்கத்தில், சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ செய்த பழைய ஆய்வு இருக்கிறது. சிகிச்சையைத் தொடர மறுத்த 843 பேரில் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகள் சிறு கடிதங்கள் அனுப்பினார்கள், எதையும் கேட்காத கடிதங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால், தராசு விசாரிப்பின் பக்கம் சாய்கிறது. செலவோ சொற்பம்.

ஆகவே என் தீர்ப்பு இது. விதத்தை விளக்குவதையும் தூண்டுவதையும் மூலத்திலேயே நிறுத்தும்படி நிறுவனங்களை வற்புறுத்துவது சரி. பூச்சிகொல்லி வரலாறு அதற்குப் போதிய ஆதாரம். வலியைப் பேசுவதைத் தடுப்பது பிழை. தேடியவரைத் தண்டிப்பது, வீட்டிலும் சரி நீதிமன்றத்திலும் சரி, தீங்கு. போனைப் பறிப்பதால் பயன் இல்லை. இவை எல்லாம் சேர்ந்தாலும் பாதி வேலைதான். தீய ஆலோசகர் பிடித்து வைத்திருக்கும் இடத்தை வெறுமையாக்கினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் தமிழ் பேசும் ஓர் ஆள் அந்த இரவிலும் மறுநாளும் அடுத்த மாதமும் இருக்க வேண்டும். முதலீடு அங்கேதான் போக வேண்டும்.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நல்லூரில் இரவு ஒரு மணி ஆகும்போது ரொறன்ரோவில் பிற்பகல், இலண்டனில் முன்னிரவு. அங்கே விழித்திருக்கும் எங்கள் சனம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கோயில் திருப்பணிக்கும் பாடசாலைக் கட்டடத்துக்கும் மாதம் தவறாமல் காசு அனுப்பும் பழைய மாணவர் சங்கங்களுக்கு, வாரத்தில் இரண்டு மணிநேரம் தமிழில் கேட்கப் பயிற்சி பெற்ற நூறு பேரைத் தருவது முடியாத காரியமா? 25 நாள் மகோற்சவத்துக்கு முதலுதவிக்கும் குடிதண்ணீருக்கும் காணாமற்போன பிள்ளையைத் தேடுவதற்கும் முறைவைத்துத் தொண்டர் நிறுத்தத் தெரிந்த ஊர் இது. பயிற்சியும் மேற்பார்வையும் யாழ்ப்பாணத்து உளமருத்துவர்களிடம் இருக்க வேண்டும்; தொண்டர் வைத்தியர் இல்லை, ஆபத்து முற்றியவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழி அவர் கையில் தயாராக இருக்க வேண்டும். சென்னையில் வைத்தியர் லக்ஷ்மி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகாவும், இலங்கையின் சுமித்ரயோவும் தொண்டரைக் கொண்டே பல்லாண்டு இதைச் செய்துகாட்டியிருக்கின்றன. அவர்களிடம் கேட்டுக் கற்கலாம்.

வீட்டில் ஒருவர் இப்படித் தேடியதைக் கண்டுவிட்டால், அதை வைத்து விசாரணை நடத்த வேண்டாம். ‘நீ தேடினதைக் கண்டனான், எனக்குப் பயமாக் கிடக்கு, என்ன நடக்குது எண்டு சொல்லு’ என்று தொடங்கலாம். சாக எண்ணுகிறாரா என்று நேராகக் கேளுங்கள். அறிவுரை பிறகு. அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் ஆபத்தான பொருட்கள் இருந்தால் அகற்றுங்கள். காலையில் நீங்களும் கூடவே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். மூன்றாம் நாளும், மூன்றாம் கிழமையும் மறுபடி கேளுங்கள்.

இதை வாசிப்பவரே அந்த நிலையில் இருந்தால், இன்று இரவே யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926, இலவச ஆலோசனைக்கு 1333. இந்தியாவில் 14416, பிரித்தானியாவில் 116 123, கனடாவில் 988. உயிருக்கு இக்கணமே ஆபத்து என்றால் இலங்கையில் எங்கிருந்தாலும் 1990. அம்புலன்ஸ் காசு கேட்காமல் வரும்.